மூடிக்கிடந்த குளிர்சாதனப் பெட்டியில் துர்நாற்றம் போக்கும் முறைகள்

குளிர்சாதனப் பெட்டி இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. மாலையில் கறந்த பாலைக் காலை வரை கெடாமல் வைக்கவும், மறுநாள் சந்தைக்குப் போக வேண்டிய கீரையை வாடாமல் காக்கவும், கோழிக்குப் போட வாங்கிய தடுப்பூசி மருந்தைப் பத்திரப்படுத்தவும், உலர்த்திய காய்கறி விதைகளை அடுத்த பருவம் வரை சேமிக்கவும் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு அது பயன்படுகிறது. ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் சில நாட்கள் மின்சாரம் இன்றி மூடிக்கிடந்துவிட்டால், திறந்தவுடன் வீடே நாறுகிறது. பலர் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். நாற்றம் போகாததைக் கண்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். முறையறிந்து செய்தால் பெரும்பாலான பெட்டிகளை மீட்டுவிடலாம். எந்தப் பெட்டியை மீட்க இயலாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தென் சென்னைப் புறநகரின் பட்டறிவு

தாம்பரம் வட்டாரத்தார்க்கு இது பற்றி விளக்கத் தேவையில்லை. 2.12.2015 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆதனூர்ப் பக்கம் தோன்றி வரும் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்டார்கள். வெள்ளம் வடிந்து வீடு திரும்பியவர்கள் கண்டது, சேறு படிந்து சாய்ந்து கிடந்த குளிர்சாதனப் பெட்டிகளையும் அவற்றுள் அழுகிக் கிடந்த பால், மீன், காய்கறிகளையும்தான். அடுத்த ஆண்டு 12.12.2016 அன்று ‘வர்தா’ புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. வெள்ளம் புகாத வீடுகளிலும் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் ‘மிக்ஜாம்’ புயல் மழையின்போதும் இதே தொல்லை ஏற்பட்டது.

புயல் வராத ஆண்டிலும் இது நேரக்கூடும். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ சொந்த ஊர் போகிறவர்கள் மின்சாரத்தை அணைத்துக் கதவை இறுக மூடிவிட்டுப் போகிறார்கள். குடிபோனவர் விட்டுச் சென்ற பெட்டியையோ, கடையில் பழைய பெட்டியையோ வாங்கி வந்து திறந்து பார்த்தால் புழுங்கல் நாற்றம் அடிக்கிறது. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களிலும் பழைய பெட்டியை வாங்கிப் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படும்.

நாற்றம் உண்டாவது எவ்வாறு?

குளிர் நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. மின்சாரம் நின்றபின் கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ் அறையில் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். முழுவதும் நிரம்பிய உறைநிலை அறையில் 48 மணி நேரமும், பாதி நிரம்பியதில் 24 மணி நேரமும் உறைநிலை ஓரளவு காக்கப்படும். நம் கோடைக்கும் பழைய பெட்டிகளுக்கும் இதைவிடக் குறைத்தே கணக்கிடல் வேண்டும். அதன் பிறகு, காற்றோட்டமின்றி இருட்டாகவும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் உள்ள அந்தப் பெட்டி, பாக்டீரியாவுக்கும் பூசணத்துக்கும் நாற்றங்கால் போல ஆகிவிடுகிறது.

எல்லா நாற்றமும் ஒன்றல்ல. இதை அறிவதே வைத்தியத்தின் முதற்படி.

1. மீன் நாற்றம்: கடல் மீனில் இயற்கையாக உள்ள ஒரு பொருளை பாக்டீரியா ‘டிரைமீத்தைல் அமீன்’ என்னும் ஆவியாக மாற்றுகிறது. இது காரத்தன்மை உடையது.

2. பால், தயிர், வெண்ணெய் கெட்ட நாற்றம்: பால் கொழுப்பு சிதைந்து ‘பியூட்டிரிக் அமிலம்’ முதலியவை உண்டாகின்றன. இவை புளிப்புத் தன்மை, அதாவது அமிலத்தன்மை உடையவை.

3. முட்டை, இறைச்சி, முட்டைக்கோசு, வெங்காயம் அழுகிய நாற்றம்: கந்தகம் கலந்த ஆவிகளால் வருவது. மிகக் குறைந்த அளவிலும் மூக்குக்குத் தெரியும்.

4. புழுங்கல் நாற்றம்: உணவு எதுவும் இல்லாமல் வெறும் ஈரத்துடன் மூடிக்கிடந்த பெட்டியில் பூசணத்தால் வருவது.

காரத்தை அமிலம் முறிக்கும். அமிலத்தைக் காரம் முறிக்கும். வீட்டுப் பெண்கள் மீனைப் புளியோ எலுமிச்சையோ இட்டுக் கழுவுவது இந்த அடிப்படையில்தான். எனவே மீன் நாற்றத்துக்கு வினிகரும், பால் நாற்றத்துக்கு ஆப்பசோடாவும் ஏற்றவை. சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனைத் திரவம் ஆகியவை நாற்றத்தை மறைக்குமே தவிரப் போக்கா. இரண்டு நாளில் பழைய நாற்றத்துடன் அந்த வாசனையும் சேர்ந்து பாலில் ஏறும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

மின் இணைப்பை முதலில் துண்டித்து, செருகியைக் கழற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் வெள்ளநீர் புகுந்திருந்தால், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சோதிப்பது உயிருக்கே ஆபத்து. அடிப்பகுதியில் உள்ள அமுக்கியும் மின்இணைப்புகளும் நன்கு உலர்ந்து, பழுது பார்ப்பவர் சோதித்து, நில இணைப்பும் சரியாக உள்ளது என்று கூறிய பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும்.

கூடுமானால் பெட்டியைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ நகர்த்தித் திறக்கவும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை அணிந்துகொள்ளவும். சிறு குழந்தைகளை அருகில் விடலாகாது.

உள்ளே இருந்த உணவு எதுவாயினும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், முகர்ந்தோ சுவைத்தோ பார்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும். நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எல்லாமே நாற்றம் தருவதில்லை. கெட்டுப்போன உணவை மாட்டுக்கோ கோழிக்கோ நாய்க்கோ போடுவது கூடாது. அழுகிய பொருளில் உண்டாகும் நஞ்சு மாட்டை முடக்கிக் கொல்லக்கூடும். கிணற்றிலிருந்து தள்ளி, இரண்டு அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, மேலே சுண்ணாம்புத் தூள் தூவி, நாய் தோண்டாதபடி மண்ணை மூடி மிதித்துவிடவும். நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள் இரண்டு பைகளில் இறுகக் கட்டிக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுக்கவும்.

தடுப்பூசி மருந்து இருந்திருந்தால் அதையும் பயன்படுத்தலாகாது. கோழிகளுக்கான இராணிக்கெட் தடுப்பூசி முதலியவை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் இருக்க வேண்டியவை. குளிர் விட்டுப்போன மருந்தைப் போட்டால் போட்ட மனநிறைவு இருக்குமேயன்றி நோய்த் தடுப்பு இராது. கோமாரி நோய்த் தடுப்பூசி உறைந்துபோனாலும் பயனற்றதாகிவிடும். ஐயம் இருப்பின் கால்நடை மருத்துவரையோ, காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டறியவும்.

சுத்தம் செய்யும் முறை

முதற்படி - கழற்றுதல்: தட்டுகள், காய்கறி இழுப்பறை, கதவில் உள்ள அடுக்குகள், பனிக்கட்டித் தட்டு ஆகிய அனைத்தையும் கழற்றி வெளியே எடுக்கவும். உறைநிலை அறையில் பனி படிந்திருந்தால் தானே உருகட்டும். கத்தியாலோ திருப்புளியாலோ குத்திப் பெயர்ப்பது கூடாது. மெல்லிய குழாய் துளைபட்டுப் பெட்டியே வீணாகும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ‘ஐசோபியூட்டேன்’ வாயு எளிதில் தீப்பற்றக் கூடியது.

இரண்டாம்படி - சோப்பு நீர்: வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து, மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கவும். கழற்றிய பாகங்களை அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவவும். குளிர்ந்திருக்கும் கண்ணாடித் தட்டில் வெந்நீர் ஊற்றினால் வெடிக்கும். இரும்பு நார் கொண்டு தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். அந்தக் கீறல்களில் அழுக்குத் தங்கி மீண்டும் நாற்றம் வரும்.

மூன்றாம்படி - நாற்றத்தை முறித்தல்: பால், தயிர் நாற்றமாயின் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 30 கிராம் ஆப்பசோடாவைக் கரைத்துத் துடைக்கவும். பிடிவாதமான கறைக்குச் சிறிது நீர் விட்டுக் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைக்கலாம். சலவை சோடா வேறு. அது அலுமினியத்தை அரிக்கும். மீன் நாற்றமாயின் வினிகரும் நீரும் சம அளவில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுப் பின் நீரால் துடைக்கவும். வினிகர் இல்லையேல் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு உதவும். புளிக்கரைசல் வேண்டாம், அதன் சக்கை இடுக்குகளில் தங்கிப் பூசணத்துக்கு உணவாகும்.

எந்த நாற்றம் என்று தெரியாவிட்டால் முதலில் ஆப்பசோடா, நீரால் துடைத்த பின் வினிகர் என்று தனித்தனியாகச் செய்யவும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும்.

நான்காம்படி - நுண்ணுயிர் நீக்கம்: இறைச்சி, முட்டை அழுகியிருந்தாலும், பூசணம் படர்ந்திருந்தாலும், வெள்ளநீர் புகுந்திருந்தாலும் இதைத் தவறாமல் செய்தல் வேண்டும். 10 லிட்டர் வாளி நீரில் 10 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் துடைக்கவும். பத்து நிமிடத்துக்குப் பின் நல்ல நீரால் இரண்டு முறை துடைத்துவிட வேண்டும். இல்லையேல் உலோகப் பகுதி துருப்பிடிக்கும். கதவு ரப்பர் கெடும்.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் ஒன்று சேர்க்கலாகாது. எலுமிச்சைச் சாறு, கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவற்றுடனும் சேர்க்கலாகாது. சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று கிளம்பி நுரையீரலைத் தாக்கும். வினிகர் போட்டுத் துடைத்த பெட்டியை நீரால் நன்கு கழுவித் துடைத்த பின்னரே பிளீச்சிங் நீரைத் தொடவும். கதவு, சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யவும்.

நாற்றம் ஒளிந்திருக்கும் இடங்கள்

இவ்வளவு செய்தும் நாற்றம் போகவில்லை என்பவர்கள் பெரும்பாலும் கீழ்க்கண்ட மூன்று இடங்களை விட்டிருப்பார்கள்.

கதவு ரப்பர்: அதன் மடிப்புகளை விரலால் விலக்கிப் பார்த்தால் கரும்பூசணம் தெரியும். பழைய பல் துலக்கும் தூரிகையில் சோப்பு நீர் தொட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்க்கவும். ரப்பர் கிழிந்தோ இறுகியோ இருந்தால் புதிது மாற்றுவதே நலம்.

நீர் வடியும் துளை: உள்ளறையின் பின்சுவரில் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். பால் சிந்தினால் அதன் வழியே இறங்கிக் குழாயில் தங்கி அழுகும். வெதுவெதுப்பான ஆப்பசோடா நீரை மெல்ல ஊற்றி, வளையும் பிளாஸ்டிக் குச்சியால் அடைப்பை நீக்கவும்.

பின்புற நீர்த்தட்டு: பெட்டியின் பின்னால், அமுக்கிக்கு மேலே அல்லது அடியில் ஒரு தட்டு இருக்கும். துளை வழியாக வடியும் நீர் இதில்தான் சேருகிறது. பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் இதைப் பார்த்ததே இல்லை. நாற்றத்துக்கு மட்டுமன்றி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இத்தட்டு உறைவிடமாகிறது. அக்கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் வாரம் ஒரு முறை இத்தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டைகள் தட்டின் பக்கங்களில் ஒட்டியிருக்கும்.

உலர்த்துதலும் உறிஞ்சுபொருள்களும்

கழுவுவதில் காட்டும் அக்கறையை உலர்த்துவதிலும் காட்ட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே இரண்டு அல்லது மூன்று நாட்கள் விடவும். மின்விசிறிக் காற்று படும்படி வைப்பது நல்லது. தட்டுகளையும் இழுப்பறைகளையும் அரை நாள் வெயிலில் காயவைக்கலாம். நாள் கணக்கில் வெயிலில் விட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும்.

அதன்பின் பிளாஸ்டிக்கில் ஊறிய நாற்றத்தை இழுக்க உறிஞ்சுபொருள் வைக்கவும். மிகச் சிறந்தது கரி. கரியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. நாற்ற ஆவிகள் அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். நம் மாநிலத்தில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வுற்ற கரி இதற்கு மிகவும் உகந்தது. அது கிடைக்காவிடில் சிரட்டைக் கரியை ஒன்றிரண்டாக உடைத்து, வெயிலில் உலர்த்தி, கால் கிலோ அளவு அகன்ற தட்டில் பரப்பி வைக்கலாம். இதன் வேகம் சற்றுக் குறைவு. ஆனால் செலவு இல்லை. கசக்கிய செய்தித்தாளை அறைகளில் அடைத்து நாள்தோறும் மாற்றினால் ஈரமும் நாற்றமும் சேர்ந்து குறையும். நன்கு உலர்த்திய காப்பித்தூள் சக்கையும், தட்டில் பரப்பிய ஆப்பசோடாவும் ஓரளவு உதவும். ஈரமான காப்பிச் சக்கையை வைத்தால் அதிலேயே பூசணம் பிடிக்கும். கரியை வைத்த பின் கதவை மூடி, மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை பெட்டியை ஓடவிடலாம்.

பால் சோதனை

மூக்கு பழகிவிட்டால் நாற்றம் தெரியாது. ஆகவே எளிய சோதனை ஒன்று செய்யவும். கரியை வெளியே எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த பாலை இரண்டு கிண்ணங்களில் எடுக்கவும். ஒன்றை இறுக மூடியும், மற்றொன்றைத் திறந்தும் ஓர் இரவு பெட்டியில் வைக்கவும். காலையில் வீட்டில் இல்லாத வேறொருவரை அழைத்து இரண்டையும் முகரச் சொல்லவும். பால் கொழுப்பு சுற்றுப்புற வாடையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் பெட்டி பயன்பாட்டுக்கு ஏற்றது. சோதித்த பாலைக் கொட்டிவிடவும். பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இச்சோதனை மிக முக்கியம். வாடை ஏறிய பாலை முகர்ந்து பார்த்தே திருப்பிவிடுவார்கள்.

மீட்க இயலாத பெட்டி

மேற்கண்ட முறைகளை இரண்டு முறை செய்தும் நாற்றம் நீடித்தால், அழுகிய நீர் உட்சுவருக்கும் வெளித்தகட்டுக்கும் இடையேயுள்ள நுரை அடைப்புக்குள் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். சாக்கடை கலந்த வெள்ளத்தில் மூழ்கிய பெட்டிகளில் இது மிகுதி. இதை வெளியிலிருந்து கழுவி நீக்க இயலாது. அத்தகைய பெட்டியில் மேலும் பணம் செலவிடுவது வீண்.

அதைக் கொல்லைப்புறத்தில் போட்டுவைப்பதும் பெரும் தவறு. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால், காற்றுப் புகாத அப்பெட்டிக்குள் சில நிமிடங்களில் மூச்சுத்திணறும். உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அமெரிக்க நாட்டில் இவ்வாறு குழந்தைகள் பலர் இறந்ததால், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வேண்டும் என்று 1956 இல் சட்டமே இயற்றினார்கள். காந்தப் பட்டை உள்ள இன்றைய கதவையும் சிறு குழந்தையால் திறக்க முடியாமல் போகலாம். எனவே பயன்படாத பெட்டியின் கதவைத் திருப்புளியால் அன்றே கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். மழைநீர் தேங்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுவது தீ விபத்துக்கும் சுற்றுச்சூழல் கேட்டுக்கும் இடமளிக்கும். 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் குளிர்சாதனப் பெட்டியும் அடங்கும். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

வருமுன் காத்தல்

ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லையெனில் பெட்டியைக் காலி செய்து, பனியை உருகவிட்டு, கழுவி, ஒரு நாள் முழுவதும் உலர்த்தவும். பின் கதவு முழுவதும் மூடாதபடி இடையில் மரத்துண்டு அல்லது சுருட்டிய துணியை வைத்துக் கயிற்றால் கட்டிவிடவும். உள்ளே ஒரு துணிப்பையில் கரி வைக்கவும். குழந்தைகள் உள்ள வீடாயின் பெட்டி இருக்கும் அறையைப் பூட்டிவிடவும்.

சில நாட்கள் மட்டும் ஊருக்குப் போகிறவர்கள் மீன், இறைச்சி, பால் ஆகியவற்றைத் தீர்த்துவிட்டுப் பெட்டியை ஓடவிட்டுச் செல்லலாம். உறைநிலை அறையில் ஒரு கிண்ணம் நீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயம் வைத்துச் செல்லவும். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் குளிர் விடவில்லை எனலாம். அடியில் இறங்கியிருந்தால் இடையில் மின்சாரம் நெடுநேரம் நின்று பனி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்படியாயின் உள்ளே இருக்கும் உணவையும் மருந்தையும் நம்பலாகாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே பெட்டியைச் செங்கல் மேடையில் உயர்த்தி வைப்பதும், புயல் எச்சரிக்கை வந்தவுடன் மீன், இறைச்சியைச் சமைத்துத் தீர்ப்பதும் நல்ல பழக்கங்கள். பூச்சிக்கொல்லி மருந்தை உணவு வைக்கும் பெட்டியில் ஒருபோதும் வைக்கலாகாது.

கழற்றுதல், கழுவுதல், முறித்தல், உலர்த்துதல், உறிஞ்சவிடுதல் என்னும் இந்த ஐந்தையும் இதே வரிசையில் செய்தால், கரியும் ஆப்பசோடாவும் ஒரு வாரப் பொறுமையும் கொண்டு பெரும்பாலான பெட்டிகளை மீட்டுவிடலாம். மீட்க இயலாததற்குக் கதவைக் கழற்ற மறவாதீர்கள்.